கண்டன்சர் விசாரணை

மோட்டார் வண்டிகளைப் பற்றி உலகில் எழுதப்பட்டுள்ள நூல்களுக்குக் குறைவில்லை. அவற்றை எவ்வாறு செய்வது என்பதை எஞ்சினியர்கள் எழுதினார்கள்; எவ்வாறு ஓட்டுவது என்பதைப் பந்தய வீரர்கள் எழுதினார்கள்; எவ்வாறு விற்பது என்பதை வியாபாரிகள் எழுதினார்கள், மற்ற இரு சாராரையும்விட அழகாகவே எழுதினார்கள். ஆனால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு வண்டி நடுவழியில் நின்றுவிடும்போது, அதன் எண்ணற்ற உறுப்புகளுள் இதுவே குற்றவாளி என்று துணிவதற்கு முன் மனித புத்தி எந்தெந்தப் படிகளை ஏறிக் கடக்கவேண்டும், பெரும்பாலும் அவற்றுள் ஒன்றையும் கடக்காமலே எவ்வாறு உதிரிப்பாகக் கடையின் வாசற்படியைக் கடந்துவிடுகிறது என்னும் மகத்தான விஷயத்தைப் பற்றி மட்டும், தர்க்க சாஸ்திரத்துக்கு இணங்க அமைந்த ஒரு கிரந்தம் இதுவரை என் கண்ணில் படவில்லை. அக்குறையை ஓரளவு நீக்கும் பொருட்டே இச்சிறு ஆராய்ச்சி எழுதப்படுகிறது. இதனால் எவருடைய வண்டியாவது ஓடத் தொடங்குமானால், அது தற்செயல் என்று கொள்க.

ஆராய்ச்சிக்கு எல்லை வகுத்துக்கொள்வது அறிஞர் மரபு. ஆகவே சகல வாகனங்களையும் எடுத்துக்கொள்ளாமல், 1962-ஆம் ஆண்டு முதல் 1980-ஆம் ஆண்டு வரை, இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு நகருக்கு அருகிலுள்ள ஆபிங்டன் என்னும் ஊரில் ஐந்து லட்சத்துக்கும் அதிகமாகச் செய்யப்பட்ட எம்.ஜி.பி. என்னும் ஸ்போர்ட்ஸ் காரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நான்கு சிலிண்டர்களும் 1798 சி.சி. கொள்ளளவும் உடைய அதன் எஞ்சினுக்கு பி-சீரிஸ் என்று பெயர். நம் நாட்டு வாசகர் இது அந்நிய விஷயம் என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டியதில்லை. கல்யாணச் சவாரிக்கும் கலெக்டர் முகாமுக்கும் பாகுபாடின்றி உழைத்த நம் அம்பாஸடர் காரில் நெடுங்காலம் இருந்த 1489 சி.சி. எஞ்சின், அதே வம்சத்தில் முந்திப் பிறந்த தமையனே. எம்.ஜி.பி. எஞ்சினின் உறுப்புகளிலும், பெருமை பொருந்திய பிஸ்டனையும் கிராங்க் ஷாஃப்ட்டையும் பெரியவர்களுக்கு விட்டுவிட்டு, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஒரே ஒரு ஸ்க்ரூவின் தயவில் உட்கார்ந்திருக்கும் கண்டன்சர் என்னும் சிறு டப்பியையே நான் தேர்ந்துகொண்டிருக்கிறேன். ஏனெனில், அவ்வெஞ்சினில் அதைப்போல் அடிக்கடி குற்றம் சாட்டப்படுவதும், அடிக்கடி கழற்றி எறியப்படுவதும், அவ்வளவு அரிதாக விசாரிக்கப்படுவதுமான உறுப்பு வேறில்லை.

கண்டன்சரின் வம்சாவளி அற்பமானதன்று. 1740-களின் நடுப்பகுதியில் ஹாலந்து தேசத்து லைடன் நகரத்தில், தண்ணீர் நிரம்பிய கண்ணாடிச் சாடிக்குள் மின்சாரத்தைத் தேக்கி, தேங்கியிருக்கிறதா என்று தொட்டும் பார்த்துப் பண்டிதர்கள் உடல் குலுங்கினார்களே, அந்தச் சாடியே இதன் மூதாதை. 1853-இல் பிரெஞ்சு விஞ்ஞானியான ஃபிஸோ, மின்சாரத்தை விட்டுவிட்டு அறுக்கும் காயிலோடு இதைச் சேர்த்தால் பொறியின் பலம் பெருகும் என்று காட்டினார். பிறகு இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டு முடியுந் தறுவாயில், அமெரிக்கராகிய சார்லஸ் கெட்டரிங் என்பவர் பாட்டரி, காயில், பாயிண்ட் ஆகியவற்றைக் கொண்டு மோட்டார் எஞ்சினுக்குப் பொறி ஊட்டும் முறையை வகுத்தபோது, கண்டன்சரும் அக்குடும்பத்தில் ஓர் அங்கமாயிற்று. ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தில் பிறந்து, பாரிஸில் பயின்று, கடைசியில் எஞ்சினின் பக்கவாட்டில் ஆயில் வாடைக்கு நடுவே குடியேறிய இதன் சரித்திரம், பல பட்டதாரிகளின் சரித்திரத்திலிருந்து அதிகம் மாறுபட்டதன்று.

அதன் தொழில் யாதெனில்: பாட்டரியிலிருந்து வரும் 12 வோல்ட் மின்சாரம், பாயிண்ட்டின் இரண்டு முனைகளும் கூடியிருக்கும்போது காயிலின் முதற் சுற்றில் பாய்கிறது. முனைகள் விலகும் கணத்தில் அந்தப் பாய்ச்சல் அறுபட, காயிலின் காந்த சக்தி சட்டென்று குலைந்து, இரண்டாம் சுற்றில் பல்லாயிரம் வோல்ட்டாக எழுந்து, ஸ்பார்க் பிளக்கின் நுனியில் பொறியாகத் தெறிக்கிறது. ஆனால் மின்சாரம் சொன்னவுடன் நிற்கும் சுபாவமுடையதன்று. விலகிச் செல்லும் முனைகளுக்கிடையிலேயே தாவிக் குதித்து ஓடப் பார்க்கும். அவ்வாறு ஓடினால் காந்த சக்தி மெல்லக் குலையும், பொறி பலவீனப்படும், முனைகளும் தீய்ந்து போகும். அந்த ஆவேசத்தை ஒரு கணம் தன்னுள் ஏற்றுக்கொண்டு, முனைகள் எட்டாத தூரம் விலகுவதற்கு அவகாசம் தருவதே கண்டன்சரின் தர்மம். எஞ்சின் நிமிஷத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது இக்கைங்கரியம் வினாடிக்கு 100 தடவை நிகழ்கிறது. மெல்லிய உலோகத் தகட்டையும் காகிதத்தையும் சேர்த்துச் சுருட்டி டப்பியில் அடைத்த, ஏறக்குறைய 0.2 மைக்ரோஃபாரட் அளவுள்ள ஒரு பொருளிடமிருந்து இதற்கு மேல் தியாகத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இனி நோய்க்கு வருவோம். வண்டி காலையில் நன்றாகக் கிளம்புகிறது. இருபது நிமிஷம் போல ஓடுகிறது. எஞ்சின் நன்கு சூடேறி, ஓட்டுபவருடைய உள்ளமும் குளிர்ந்து, ஆங்கில நாட்டுப்புறத்தின் வேலிகளையும் மேய்ச்சல் நிலங்களையும் அவர் ரசிக்கத் தொடங்கும் சமயத்தில், நின்றுவிடுகிறது. பானெட்டைத் திறந்து அரைமணி நேரம் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தால் மறுபடியும் கிளம்புகிறது. இவ்வாறு பார்த்ததனால்தான் கிளம்பியது என்று நம்புகிறவர்களும் உண்டு. அவர்களுடைய மதத்தை இங்கே நான் விசாரிக்கவில்லை. இந்நோய்க்குக் காரணமாகத்தக்கவை பல: பெட்ரோல் டாங்க்குக்குக் காற்று புகும் துவாரம் அடைபட்டிருக்கலாம், பின்பக்கத்தில் இருக்கும் மின்சார பெட்ரோல் பம்ப்பின் உட்பாயிண்ட் தேய்ந்திருக்கலாம், இவ்வெஞ்சினில் கார்புரேட்டர்கள் இரண்டும் எரிந்த புகை வெளியேறும் குழாய்க்கு நேர்மேலே அமைந்திருப்பதால், பெட்ரோல் சூட்டில் ஆவியாகிக் குமிழ் விட்டிருக்கலாம், காயில் சூடேறி உட்கம்பி விட்டுப்போயிருக்கலாம், ரோட்டரின் பித்தளைத் தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டின் வழியே மின்சாரம் கீழே உள்ள தண்டுக்கு ஒழுகியிருக்கலாம். கண்டன்சராகவும் இருக்கலாம்.

இந்த இடத்தில், நோயையும் அதன் முதலையும் பற்றிய திருக்குறளை மேற்கோள் காட்டாத கட்டுரையாளனைத் தமிழுலகம் மன்னிப்பது அரிது. ஆயினும் நான் காட்டப் போவதில்லை. மருந்து என்னும் அதிகாரத்தை எடுத்து வாசகரே படித்துக்கொள்ளலாம். அதைப் படித்துத் தலையசைத்தவர்களே மறுநாள் கண்டன்சர் வாங்கப் புறப்படுகிறார்கள் என்பதே நம்முடைய பிரச்சினை.

இவ்விஷயத்தில் எம்.ஜி.பி. உடையவர்கள் இரு பெரும் மதத்தினராகப் பிரிந்திருக்கிறார்கள். முதல் மதத்தாரை மாற்றுவாதிகள் எனலாம். உறுப்பை மாற்றிப் பார்ப்பதே விசாரணை, வண்டி ஓடுவதே தீர்ப்பு என்பது அவர்களுடைய சித்தாந்தம். இவர்களுள் தீவிரவாதிகள் பிளக், பாயிண்ட், கண்டன்சர், ரோட்டர், காயில், கம்பிகள் அனைத்தையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மாற்றி, குற்றவாளி யார் என்பது தேவரும் அறியாத ரகசியமாகப் போய்விடும்படி செய்துவிடுவார்கள். இரண்டாம் மதத்தார் பரீக்ஷாவாதிகள். குற்றம் நிரூபிக்கப்படாத எந்த உறுப்பையும் அதன் ஸ்தானத்திலிருந்து அகற்றலாகாது என்பது இவர்கள் கொள்கை. இவர்களுடைய வண்டிகளும் நிற்கவே நிற்கின்றன. ஆனால் ஏன் நிற்கிறது என்பதை அறிந்துகொண்டு நிற்கின்றன.

மாற்றுவாதிகளின் நடத்தையைக் கூர்ந்து கவனித்தால், அதற்கும் ஒரு நியதி இருப்பது புலனாகும். ஓர் உறுப்பின்மேல் விழும் சந்தேகம், அவ்வுறுப்பின் விலைக்கு எதிர்விகிதத்திலும், அது கைக்கு எட்டும் எளிமைக்கு நேர்விகிதத்திலும் ஏறியிறங்குகிறது. விலை அற்பம், ஒரே ஸ்க்ரூ, பானெட்டைத் திறந்தால் நின்றபடியே கைக்கு எட்டும் இடம் என்ற மூன்று லக்ஷணங்களும் ஒருங்கே அமைந்திருப்பதால் கண்டன்சர் பிறவியிலேயே சந்தேகத்துக்கு உரியதாகிவிட்டது. பின்சக்கரத்துப் பக்கம், சேற்றில் படுத்துக்கொண்டு பார்க்கவேண்டிய இடத்தில் இருப்பதால் பெட்ரோல் பம்ப் நெடுநாள் வரை நல்ல பெயரோடு வாழ்கிறது. மழை பெய்தால் அதன் கீர்த்தி இன்னும் உயரும். இங்கிலாந்தில் மழைக்குப் பஞ்சமில்லை.

பரீக்ஷாவாதிகளின் வழி இதற்கு மாறானது. அவர்கள் அறியாமலே உண்மையை அறியும் வழிகளாக நம் முன்னோர் வகுத்த பிரமாணங்களைப் பின்பற்றுகிறார்கள் என்பதை இனி நிரூபிப்பேன். முதலாவது பிரத்தியக்ஷம், அதாவது புலன்களால் நேரே அறிதல். எஞ்சின் எவ்விதம் நின்றது என்பதைக் காதால் கேட்பதே இதன் ஆரம்பம். பெட்ரோல் வராமல் நின்ற எஞ்சின் இருமும், தயங்கும், கொஞ்சம் பிழைத்தெழும், பிறகே ஓயும்; பொறி அற்றுப்போன எஞ்சினோ சாவியைத் திருப்பி நிறுத்தியதைப்போல ஒரே கணத்தில் மௌனமாகும். அடுத்து, காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்லும் தடித்த கம்பியை உருவி, அதன் நுனியை எஞ்சினின் இரும்புக்குக் கால் அங்குலம் தள்ளிப் பிடித்து, வேறொருவரைக் கொண்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றச் செய்தால், பொறி தடித்து நீலமாகத் தாவுகிறதா, மெலிந்து மஞ்சளாகத் தடுமாறுகிறதா என்பது தெரியும். கம்பியை ரப்பர் பிடியுள்ள இடுக்கியால் பிடிக்கவேண்டும். உறை வெடித்த பழைய கம்பியை வெறுங்கையால் பிடித்தால், அறிபவன், அறிவு, அறியப்படும் பொருள் என்ற மூன்று பேதமும் அழிந்து ஒன்றாகிவிடும். வேதாந்தத்தில் அது உயர்ந்த நிலையாயினும் மோட்டார் சிகிச்சையில் விரும்பத்தக்கதன்று.

இரண்டாவது அனுமானம். மலையில் புகையைக் கண்டால் அங்கே நெருப்பு உண்டென்று துணியலாம், அடுக்களையில் கண்டிருக்கிறோமாதலால் என்பது தார்க்கிகர்கள் பன்னூறு ஆண்டுகளாகச் சொல்லிவரும் உதாரணம். அவர்கள் எம்.ஜி.பி.யைக் கண்டிருப்பார்களானால் உதாரணத்தை மாற்றியிருப்பார்கள். சைலன்சரிலிருந்து கரும்புகை வருமானால், பெட்ரோல் மிகுந்து நெருப்பு செவ்வையாக எரியவில்லை என்றும், நீலப்புகை வருமானால் எரியக்கூடாத ஆயில் எரிகிறது என்றும், சூடேறிய பின்னும் வெண்புகை ஓயாதாயின் தண்ணீர் சிலிண்டருக்குள் புகுந்திருக்கக்கூடும் என்றும் அனுமானிக்க வேண்டும். ஆக, இங்கே புகை பெருகப் பெருக நெருப்பின் யோக்கியதை குறைகிறது. நம் விஷயத்துக்குப் புகையைவிடச் சிறந்த ஹேது, அதாவது அடையாளம், பிளக்கே. சித்த வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பதுபோல, வண்டி நின்றவுடனே ஒரு பிளக்கைக் கழற்றி நுனியைப் பார்க்கவேண்டும். ஈரமாக, பெட்ரோல் வாசனையோடு இருந்தால் உணவு வந்திருக்கிறது, நெருப்பு வரவில்லை. உலர்ந்திருந்தால் உணவே வரவில்லை. இந்த ஒரு சோதனையால் சந்தேகத்துக்குரியவர்களில் சரிபாதிப் பேர் விடுதலையாகிறார்கள். ஆனால் வண்டி குளிர்ந்த பிறகு பார்ப்பதில் பயனில்லை என்பதையும், சூடான எஞ்சினிலிருந்து பிளக்கைக் கழற்றுவது கைக்கு இதமான காரியமன்று என்பதையும், அதனால்தான் இச்சோதனை எல்லாராலும் சிலாகிக்கப்பட்டுச் சிலராலேயே செய்யப்படுகிறது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவதாகிய சப்தப் பிரமாணம், அதாவது நம்பத்தக்கவர் சொல்லாகிய ஆப்த வாக்கியம், மூன்று தரத்தது. கம்பெனியார் வெளியிட்ட ஒர்க்‌ஷாப் மானுவல் ஸ்ருதி. பாயிண்ட்டின் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 14 முதல் 16 பங்கு இருக்கவேண்டும் என்று அது விதித்தால் ஏன் என்று கேட்கும் அதிகாரம் நமக்கில்லை. முப்பது வருஷம் அதே வண்டியை வைத்திருந்த கிழவர்கள் சொல்வது ஸ்மிருதி. ஸ்ருதிக்கு முரண்படாதவரை ஏற்கத்தக்கது. கார்புரேட்டர் கோளாறுகளில் பெரும்பான்மை இக்னிஷன் கோளாறுகளே என்பது இவ்வகையைச் சேர்ந்த பொன்வாக்கு. சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி இறங்கி வந்து, என் மைத்துனர் வண்டியிலும் இப்படித்தான், கண்டன்சர்தான் என்று சொல்லிவிட்டுப் போகிறவர் கூறுவது புராணம். கேட்டுக்கொள்ளலாம், செலவு செய்யலாகாது.

நான்காவதாக நான் எடுத்துக்கொள்ளும் அனுபலப்தி என்னும் பிரமாணத்தைத் தார்க்கிகர்கள் ஒப்புவதில்லை. மீமாம்ஸகர்களில் குமாரிலபட்டரைச் சேர்ந்தவர்களும் அத்வைதிகளும் ஒப்புகிறார்கள். இங்கிலாந்தில் கார் வைத்திருந்தவர்கள் அனைவரும் ஒப்பியிருந்தார்கள். ஒரு பொருள் அங்கே இல்லை என்பதை, அது காணப்படாமையைக் கொண்டே அறிவது இது. 1905-இல் அந்நாட்டில் தொடங்கிய ஆட்டோமொபைல் அஸோஸியேஷன் என்னும் சங்கத்தின் சாலை ஊழியர்கள், சங்கத்துப் பாட்ஜ் பூட்டிய வண்டியைக் கண்டால் நிமிர்ந்து சலாம் வைப்பது முன்னாளில் வழக்கமாயிருந்தது. முன்னால் போலீஸார் வேகத்தை அளப்பதற்காக ஒளிந்திருந்தால், ஊழியர் சலாம் வைக்கமாட்டார். எச்சரித்தார் என்று அவரைக் குற்றம் சாட்ட முடியாது. அவர் ஒன்றுமே செய்யவில்லையே! இவ்வாறு இல்லாத சலாமைக் கண்டு வேகத்தைக் குறைத்துக்கொண்ட ஆங்கிலேயர்கள், குமாரிலபட்டரின் பெயரைக் கேள்விப்படாமலே அவருடைய பக்ஷத்தில் சேர்ந்துவிட்டார்கள்.

நம் வண்டியில் இப்பிரமாணத்துக்கு இரண்டு பிரயோகங்கள் உண்டு. சாவியைத் திருப்பியவுடன் எஸ்.யூ. பெட்ரோல் பம்ப் டிக் டிக் என்று அடித்து, கார்புரேட்டர் தொட்டிகள் நிரம்பியதும் ஓயவேண்டும். அச்சப்தம் இல்லாமையே பம்ப்பின் குற்றத்துக்குச் சான்று. அதைச் சுத்தியல் பிடியாலோ செருப்பின் குதியாலோ தட்டினால் மறுபடி அடிக்கத் தொடங்கும் என்பது ஸ்மிருதி, அது உண்மையுங்கூட. இரண்டாவது பிரயோகம் இன்னும் நுட்பமானது. மின்சாரத்தால் இயங்கும் டாக்கோமீட்டர் உள்ள வண்டிகளில், எஞ்சின் செத்தும் வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும் அந்தச் சில வினாடிகளில் முள்ளைக் கவனிக்க வேண்டும். சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்றிக்கொண்டிருக்கும்போதே முள் பூஜ்யத்தில் விழுந்துவிட்டால், காயிலின் முதற் சுற்றுக்குப் போகும் மின்சாரமே அறுந்துவிட்டது, முள் எஞ்சினின் வேகத்தோடு ஒட்டி மெல்ல இறங்கினால், அந்த மட்டில் மின்சாரம் நிரபராதி, பெட்ரோலை விசாரிக்கலாம். பின்னால் வரும் லாரியைக் கவனிக்க வேண்டிய அதே வினாடிகளில் இதையும் கவனிக்க வேண்டியிருப்பது இப்பிரமாணத்தின் ஒரே குறை.

இவ்வளவு விசாரணைக்குப் பிறகும் சந்தேகம் பாயிண்ட்டையும் கண்டன்சரையும் சுற்றியே நிற்குமானால், கண்டன்சரைக் கூண்டில் ஏற்றலாம். முதலில் பாயிண்ட்டின் முனைகளைப் பார்க்கவேண்டும்: ஒரு முனையில் பள்ளமும் மறு முனையில் மேடுமாக உலோகம் இடம் பெயர்ந்திருந்தால் கண்டன்சரின் அளவு பொருந்தவில்லை, இரண்டும் கருகித் தீய்ந்து, இருட்டில் பார்க்கும்போது அவற்றினிடையே பளிச்சென்று பொறி பறந்தால் கண்டன்சர் தன் கடமையைக் கைவிட்டுவிட்டது, பொறி எங்குமே இல்லையாயின் அது உள்ளுக்குள் எர்த்தாகியிருக்கலாம். மீட்டர் வைத்துப் பார்த்துக் குணமாகவே இருக்கிறது என்று தீர்ப்புக் கூறுவது பேதைமை. மீட்டர் கொடுப்பது சில வோல்ட். வேலை நேரத்தில் கண்டன்சர் தாங்குவது சில நூறு வோல்ட். வீட்டுத் திண்ணையில் சாதுவாக இருப்பவர் சந்தையில் எப்படியிருப்பார் என்று யாருக்குத் தெரியும்? ஆகவே பரீக்ஷாவாதிகள், எஞ்சின் குளிர்ந்த நிலையில் ஓடும்போதே தலைமயிர் உலர்த்தும் கருவியால் அதை உள்ளடக்கிய டிஸ்ட்ரிபியூட்டரின்மேல் சூட்டுக் காற்றை ஊதி, இருபது நிமிஷத்து நோயை இரண்டு நிமிஷத்தில் வரவழைக்கப் பார்க்கிறார்கள். காயிலானால் மறுதலையாக, நின்ற வண்டியின் காயில்மேல் ஈரத்துணியைச் சுற்றிப் பார்க்கிறார்கள். நோயாளியைக் குணப்படுத்துவதற்கு முன் நோயை வரவழைக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்ற இந்தக் கொள்கை மனித வைத்தியத்துக்குப் பொருந்தாதாகையால், வாசகர்கள் வீட்டில் முயலவேண்டாம்.

இதைவிட உசிதமான உபாயம் ஒன்று உண்டு. நல்லதென்று அறியப்பட்ட மற்றொரு கண்டன்சரை, டிஸ்ட்ரிபியூட்டரைக் குலைக்காமல், காயிலிலிருந்து பாயிண்ட்டுக்குச் செல்லும் முனையில் வெளியே இணைத்து, அதன் உடலை எர்த்தில் பதித்து, பழையதன் கம்பியை மட்டும் விலக்கிவிட்டு ஓட்டிப் பார்ப்பதே அது. நோய் நீங்கினால் பழையதைப் பற்றிய சந்தேகம் வலுக்கிறது. வலுக்கிறது என்றேன்; நிரூபணமாயிற்று என்று சொல்லவில்லை. அது இருக்கும்போதெல்லாம் நோய் உண்டு என்பது அன்வயம். அது இல்லாதபோது நோய் இல்லை என்பது வியதிரேகம். நிரூபணத்துக்கு இரண்டும் வேண்டும். அதாவது, புதியதைக் கொண்டு நன்றாக ஓடும் வண்டியிலிருந்து அதைக் கழற்றி, பழையதை மீண்டும் பூட்டி, வண்டி மறுபடி நடுவழியில் நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். இவ்விடத்தில்தான் பரீக்ஷாவாதிகளின் மதத்திலும் பிளவு உண்டாகிறது. ஓடுகிற வண்டியைக் கெடுத்துப் பார்க்கும் அளவுக்குச் சத்தியத்தின்மேல் பற்றுக் கொண்டவர் எத்தனை பேர்? அவர்கள் வீட்டில் வேறு யாராவது அந்த வண்டியில் எங்கேயாவது போகவேண்டியிருக்குமல்லவா?

ஆயினும் அந்தக் கடுமையான விதிக்குக் காரணம் உண்டு; என் ஆராய்ச்சியின் ஸாரமும் இதுதான். டிஸ்ட்ரிபியூட்டருக்குள், வெளியிலிருந்து வரும் மின்சாரத்தைப் பாயிண்ட்டுக்குக் கொண்டு சேர்க்கும் ஒரு சிறு மெல்லிய கம்பி இருக்கிறது. எஞ்சினின் பாரத்துக்கேற்பப் பொறியின் காலத்தை முன்தள்ளுவதற்காகப் பாயிண்ட் அமர்ந்திருக்கும் தட்டு சற்றே அசைந்து கொடுக்கும். அது அசையும்போதெல்லாம் இக்கம்பியும் வளைந்து நிமிரும். வருஷக்கணக்கில் இவ்வாறு வளைந்ததில் மேலுறை முழுதாயிருக்க, உள்ளேயிருக்கும் செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, கடைசியில் அறுந்த நுனிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் தயவிலேயே வண்டி ஓடுகிறது. சூடேறினால், அசைந்தால், அவை பிரியும், ஆறினால் கூடும். நோயின் லக்ஷணம் கண்டன்சருக்குச் சொல்லப்பட்டதற்குப் பெரிதும் ஒத்தது. இப்போது மாற்றுவாதி வருகிறார். கண்டன்சரைக் கழற்றுகிறார். கழற்றும்போது அவருடைய விரல் அந்தக் கம்பியை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. அறுந்த நுனிகள் புதிய இடத்தில் கூடிக்கொள்கின்றன. புதிய கண்டன்சர் பூட்டப்படுகிறது, வண்டி ஓடுகிறது, பழைய கண்டன்சர் குப்பையில் விழுகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததைக் காகதாலீய நியாயம் என்று நம் சாஸ்திரங்கள் குறித்துவைத்திருக்கின்றன. இங்கே காக்கைக்கு விலைச்சீட்டும் உண்டு. சில வாரங்களில் வண்டி மறுபடி நிற்கும். அப்போது அவர், இந்தக் காலத்துக் கண்டன்சர்கள் நெடுநாள் உழைப்பதில்லை என்று சொல்லிவிட்டு இன்னொன்று வாங்குவார்.

அவர் சொன்னதில் உண்மையே இல்லையென்றும் தள்ளிவிட முடியாது. அதுதான் இவ்விஷயத்தின் சிக்கல். பழைய வண்டிகளுக்காக இப்போது செய்யப்படும் மாற்றுக் கண்டன்சர்களிலும் ரோட்டர்களிலும் தரக்குறைவானவை கலந்திருக்கின்றன என்பது அவ்வண்டிகளோடு பழகியவர்கள் நன்கறிந்தது. ஆகவே குற்றமற்ற பழையதை எடுத்துவிட்டுக் குற்றமுள்ள புதியதைப் பூட்டுவது நடக்கக்கூடியது. அப்படி நடந்தபின் வண்டிக்கு இரண்டு நோய்கள். புதியது என்பதனாலேயே அதன்மேல் எவருக்கும் சந்தேகம் வராதாகையால், எஞ்சியுள்ள நல்ல உறுப்புகள் ஒவ்வொன்றாகத் தண்டனை அடையும்.

பூர்வபக்ஷம் ஒன்று எழும்: ஐயா, கண்டன்சரின் விலை ஒரு வேளைக் காப்பிப் பலகாரத்துக்கு மேல் ஆகாது, நீர் சொல்லும் சோதனைகளோ ஒரு பகற்பொழுதைத் தின்றுவிடும், காலத்துக்கு விலையில்லையா என்பது அது. இந்த வாதத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. நோயாளியின் அழைப்புக்குப் போகும் மருத்துவருடைய வண்டியாயிருந்தால் நானே மாற்றிவிடச் சொல்வேன். ஆனால் எம்.ஜி.பி. அப்படிப்பட்ட காரியங்களுக்காக வைத்துக்கொள்ளப்படும் வண்டியன்று. வெயிலடிக்கும் ஞாயிற்றுக்கிழமையில், போகவேண்டிய அவசியம் இல்லாத ஊருக்கு, நேர்வழி இருக்கச் சுற்றுவழியில் போவதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். காலத்தைச் செலவிடுவதற்கென்றே பெருந்தொகை கொடுத்து ஒரு சாதனத்தை வாங்கியவர், காலம் போதவில்லை என்று வாதிப்பது செல்லாது.

இன்னொரு விஷயத்தையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. இவ்வண்டிகளின் மின்சார உறுப்புகளைச் செய்த பர்மிங்ஹாம் லூகாஸ் கம்பெனியாருக்கு, இருட்டின் இளவரசர் என்னும் பட்டத்தை ஆங்கிலேயர்களும் அமெரிக்கர்களும் வேடிக்கையாகச் சூட்டியிருக்கிறார்கள். 1961-இல் நம் சென்னையில் டி.வி.எஸ். நிறுவனத்தாரோடு கூட்டுச் சேர்ந்து தொழில் தொடங்கிய லூகாஸ் அதுவே. இந்தப் பட்டம் அநியாயமானது என்பது என் தீர்ப்பு. ஐம்பது, அறுபது ஆண்டுகளாக மழையிலும் ஆயிலிலும் நனைந்து, ஐந்தாறு சொந்தக்காரர்களின் கைபட்டு, ஒட்டுப் போட்ட கம்பிகளோடும் துருவேறிய எர்த்தோடும் ஓடுகிற ஒரு மின்சார அமைப்பு நிற்பதில் அதிசயமில்லை. துருவேறிய எர்த்தைச் சுரண்டாமல் கம்பெனியைச் சபிப்பதும், கம்பியைப் பாராமல் கண்டன்சரை எறிவதும் ஒரே மதத்தின் இரண்டு சடங்குகள்.

எம்.ஜி.பி. வைத்திருக்கும் வாசகர் யாரேனும் இருப்பின் அவருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை வண்டி நின்றால், கடைக்கு எழுதுவதற்கு முன், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் இரண்டு கிளிப்புகளை விலக்கி, உள்ளே இருக்கும் அந்தச் சிறு கம்பியை விரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள். உறை ரப்பரைப்போல நீண்டு கொடுத்தால், உள்ளே செம்பு அறுந்திருக்கிறது. கம்பியை மாற்றுங்கள், கண்டன்சரை அதன் இடத்திலேயே விட்டுவிடுங்கள்.